போணி ஆகட்டும்

மரகதத்துக்கு அந்த அநியாயம் காலையில் நடந்தது. மெயின் பஜாரில், பாத்திரக்கடை வாசலில், சாம்பிராணி மணக்க மணக்க நடந்தது. கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, சாமி படங்களுக்குச் சூடம் காட்டி முடித்திருந்த ரத்தினசாமி அண்ணாச்சி, அன்றைய முதல் ஆளாக மகளின் தோளைப் பிடித்துப் படியேறி வந்தவளைக் கையெடுத்துக் கும்பிட்டு, என்ன வேணும்மா என்று கேட்டார். பிடித்துக்கொண்டு நடக்க ஒரு வாக்கர் வேண்டும் என்று மகள் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. இருந்த இடத்திலேயே காய்ந்தது. "தாரேன்மா, தாராளமாத் தாரேன். போணி ஆகட்டும். அதுவரைக்கும் அம்மாவைப் பக்கத்துக் கடை நிழல்ல நிக்கச் சொல்லு" என்றார். திட்டவில்லை, விரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஐம்பது வயதில் இடுப்பு மூட்டு தேய்ந்துபோன ஒருத்தி நடப்பதற்கு ஒரு சாமான் கேட்டு வந்தாள். அது நாளின் முதல் வியாபாரமாக அமைந்தால் அந்த நாள் விளங்காது என்று ஏறின படியிலிருந்து அவளை இறக்கிவிட்டார். வேறு யாராவது வந்து வேறு எதையாவது வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மரகதம்.

இறக்கிவிட்டதுதான் மகள் பூங்கோதைக்கு ஆறவில்லை. ஒரே ஒரு படி. ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வை என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார், அம்மா ஏறும்போது அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள், நல்ல கால், நல்ல கால் என்று, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. இறங்கச் சொன்னதும் எந்தக் கால் என்று மறந்துபோய் படியின் விளிம்பில் நின்று மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வை இப்போதும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிழல் என்று அவர் காட்டிய இடத்தில் வெயில் அடிக்கிறது, கிழக்குப் பார்த்த வரிசை, இந்த நேரத்தில் எந்தக் கடைக்கு நிழல் இருக்கும், பூட்டிக் கிடக்கும் ஜவுளிக்கடையின் ஷட்டர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்கிறாள், நிழலில் நிற்பதாகவே முகத்தை வைத்துக்கொண்டு. ஒரு நிமிஷம் அண்ணாச்சி, நீங்க சொல்றதுல ஒரு தப்பு இருக்கு. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். எம்.ஏ. வகுப்பில் எந்தப் பேராசிரியரிடமும் இப்படித்தான் ஆரம்பிப்பாள், கோதை ஆரம்பிச்சுட்டா என்று பின் பெஞ்சில் சிரிப்பு கேட்கும், அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும். இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை ஆரம்பிப்பதற்குள் அண்ணாச்சி உள்ளே திரும்பி, கல்லா மேஜையில் சிந்திய சாம்பலை ஊதிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சீக்கிரம் வந்ததே யார் கண்ணிலும் படக் கூடாது என்றுதான். அது அம்மா போட்ட நிபந்தனை. கடை திறந்ததும் போவோம், ஆள் வர்றதுக்குள்ள வாங்கிட்டு ஆட்டோவுல வச்சுக் கொண்டாந்துருவோம், அப்படின்னா வாரேன், இல்லைன்னா நீயே போய் வாங்கிட்டு வா. நான் எப்படிம்மா வாங்குறது, என் உயரமும் உன் உயரமும் ஒண்ணா, கையை எங்க வைப்ப, மணிக்கட்டு எங்க வரும், செருப்பு வாங்கக் கால் வேணும், ஜாக்கெட் தைக்க ஆள் வேணும், இதுக்கு மட்டும் ஆள் வேண்டாமா என்று இரண்டு ராத்திரி வாதாடி ஜெயித்துத்தான் கூட்டி வந்தாள். ஜெயித்து. ஜெயித்துக் கூட்டி வந்து வெயிலில் நிறுத்தியிருக்கிறாள். யார் கண்ணிலும் படாமல் இருக்க முதல் ஆளாக வந்தார்கள், முதல் ஆளாக வந்ததால் இப்போது ஊர்க் கண்ணில் படும்படி பஜார் நடுவில் நிற்கிறார்கள். நாலு பேர் முன்னால் வந்த பிறகு ஐந்தாவதாக வந்திருந்தால் பேச்சே இல்லை. வெட்கப்படுகிறவர்களுக்கு என்றே யாரோ யோசித்து வைத்த பொறி மாதிரி இருக்கிறது. பால்காரர் ஒருவர் சைக்கிளில் போகிறார். அம்மா ஷட்டரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரை ரொம்ப அக்கறையாகப் படிக்கிறாள்.

போர்டில் வாக்கர் என்று ஒரு எழுத்து கிடையாது. பாத்திரம், பிளாஸ்டிக், கல்யாண சீர்வரிசை, பர்னிச்சர் என்று போட்டிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டபோதுதான் அந்தப் பையனுக்கே கூச்சமாகி, பக்கத்தில் ஆள் நகர்ந்த பிறகு, ரத்தினசாமி அண்ணாச்சி கடையில பின்னாடி கோடவுன்ல வச்சிருப்பாங்கக்கா, கேட்டாத்தான் எடுப்பாங்க என்றான். கஞ்சா விற்கிற இடம் சொல்வது மாதிரி. வாக்கர், கைத்தடி, உட்கார்ந்து கக்கூஸ் போகிற நாற்காலி, படுத்தபடியே போவதற்கான பெட்பேன், பெரியவர்களுக்கான டயப்பர், எல்லாம் கோடவுனில். வாசலில் என்ன இருக்கிறது? பூங்கோதை அண்ணாந்து பார்த்தாள். வாசலில், எல்லார் தலையிலும் இடிக்கிற மாதிரி, கொத்தாகத் தொங்குகிறது நடைவண்டி. சிவப்பு, மஞ்சள், வாத்து மூக்கு வைத்தது, அழுத்தினால் பாட்டுப் பாடுகிறது, சக்கரம் வைத்த வட்டத்துக்குள் குழந்தையை இறக்கிவிட்டால் கால் தரையில் பட்டும் படாமலும் வீடெல்லாம் ஓடும். அதன் பேரும் வாக்கர்தான். காசு கொடுத்து வாங்கி, கலர் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, பிறந்தநாளுக்கு மேடையில் வைத்துக் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். நடக்கத் தெரியாதவனுக்கு வாசல், நடக்க முடியாதவளுக்குக் கோடவுன். ஏன் அண்ணாச்சி, ரெண்டும் பிடிச்சுக்கிட்டு நடக்குற சாமான்தான? அவன் வளர்ந்து வருவான், இவ தேஞ்சு போவா, அதுதான? அப்படி என்றால் மூக்குக்கண்ணாடி? கண்ணு மங்கினா மட்டும் என்ன, ஏர்கண்டிஷன் கடை, சுற்றிலும் கண்ணாடி, பிரேமை மாற்றி மாற்றிப் போட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், உங்க முகத்துக்கு இது எடுப்பா இருக்கு மேடம் என்பதும். இடுப்பு மங்கினால் மட்டும் ஏன் எடுப்பாக இருக்கக் கூடாது? ஆரம்பித்தால் நிற்காது அவளுக்கு, ஒன்றைத் தொட்டு ஒன்று, ஒன்றைத் தொட்டு ஒன்று, பேச்சுப் போட்டியில் நடுவர் மணியடிக்கும்வரை பேசுவாள். அம்மா காலை மாற்றி நின்றாள். மாற்றி நிற்க அவளுக்கு இருப்பது ஒரு கால்தான் என்பது மணி மாதிரி கேட்டது.

வீட்டில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். சிவப்பு நாற்காலி. அதன் முதுகைப் பிடித்து ஒரு இழுப்பு, ஒரு அடி, ஒரு இழுப்பு, ஒரு அடி. அந்தச் சத்தம், பிளாஸ்டிக் கால் சிமெண்டுத் தரையில் கீறுகிற சத்தம், காலேஜ் விடுமுறைக்கு வந்த முதல் நாள் காலையில் பூங்கோதையை எழுப்பியது, யாரோ வீட்டுச் சாமான்களைக் காலி செய்கிறார்கள் என்று நினைத்தாள். அடுப்படிக்கு நாற்காலி, வாசலுக்கு நாற்காலி, யாராவது வந்துவிட்டால் சட்டென்று அதிலேயே உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான், என்ன குறை என்று யாருக்குத் தெரியும். நாற்காலி என்றால் நாற்காலி, வாக்கர் என்றால் வியாதி. பாத்ரூமுக்குள் நாற்காலி நுழையாது. அங்கேதான் விழுந்தாள். அந்தச் சத்தம் பூங்கோதை கேட்டதில்லை, அவள் அப்போது ஹாஸ்டலில், ஆனால் கேட்காத சத்தம்தான் அடிக்கடி கேட்கிறது, வாளி உருள்கிறது, பிறகு ஒன்றுமில்லை, பிறகு அம்மா யாரையும் கூப்பிடாமல் இருக்கிறாள். ஏன்மா கூப்பிடலை? சேலை விலகிக் கிடந்துச்சுடி, சரிபண்ணிட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன். அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்து தார்ப்பாய் கட்டுகிற கயிற்றைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டார், இதைப் பிடிச்சு எந்திரி, இதைப் பிடிச்சு உக்காரு, எதுக்கு அந்த ஆஸ்பத்திரிச் சாமானெல்லாம் வீட்டுக்குள்ள, பொம்பளப் பிள்ளை இருக்கிற வீடு, பொண்ணு பாக்க வர்றவன் என்ன நினைப்பான். பொம்பளப் பிள்ளை என்பது தான்தான் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பா, மாட்டைக் கட்டுற மாதிரி அம்மாவைக் கயிறுல கட்டினா மட்டும் வர்றவன் என்ன நினைப்பான்? அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதையும் ஜெயித்ததாகத்தான் எண்ணிக்கொண்டாள். கயிறு இன்னும் ஜன்னலில்தான் தொங்குகிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதுதான் இப்போது வேண்டியது, மற்றதெல்லாம் பேச்சு. அம்மா சத்துணவு அமைப்பாளர். அரிசி அளந்து போட்டு, முட்டை எண்ணி, சாம்பாரில் உப்புப் பார்த்து, வரிசையில் இடிக்கிற பயல்களை ஏலே என்று ஒரு அதட்டுப் போட்டு, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெடிக்கல் லீவு முடிகிறது. திங்கட்கிழமை போகாவிட்டால் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான், வீட்டில் இருப்பது என்றால் நாற்காலிக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருப்பது. வாக்கர் இருந்தால் தாராளமா வேலைக்குப் போகலாம், உட்கார உட்காரத்தான் இறுகும், ஆபரேஷன் வரைக்கும் நடந்துகொண்டே இருக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைக பாக்குமேடி என்றாள் அம்மா. பாக்கட்டும்மா. சிரிக்குமேடி. ரெண்டு நாள் சிரிக்கும், மூணாம் நாள் அதுல தொத்திக்கிட்டு ஆடும். அதைக் கேட்டு அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்பில்தான் சரி என்றாள், அந்தச் சரி எவ்வளவு மெல்லியது என்று பூங்கோதைக்குத் தெரியும், ஊதினால் போய்விடும், அதைக் கையில் பொத்திப் பொத்தி இந்தப் படிவரைக்கும் கொண்டுவந்தாள், இந்த மனிதர் சாம்பலை ஊதுவது மாதிரி ஊதிவிட்டார். அம்மா இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? வாடி வீட்டுக்குப் போவோம் என்பாள். இதோ இப்போது சொல்லப்போகிறாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் அம்மாவின் முகமே அதைச் சொல்லிவிடும், சொல்லிவிட்டால் அதற்கு எதிர்வாதம் கிடையாது.

"ஏம்க்கா நிக்கீங்க" என்று ரகசியமாகக் கேட்டாள் கடையில் வேலை செய்கிற பேச்சியம்மா, தூசி தட்டுகிற துணியோடு வாசலுக்கு வந்து. "ஒரு கரண்டி வாங்கிருங்க. போணி ஆயிரும். அடுத்த நிமிசம் உங்க சாமான் வந்துரும். எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாக. போன மாசம் ஒரு வக்கீலு, டீ வடிகட்டி வாங்கிட்டுத்தான் அவுகம்மாவுக்குப் பெட்பேன் வாங்கிட்டுப் போனாரு." வக்கீலே வடிகட்டி வாங்கியிருக்கிறார். பூங்கோதைக்கு அடக்க முடியாமல் வந்தது. "அப்ப நாங்க வாங்குற கரண்டி மட்டும் ராசியா? அதே கை, அதே காசு, அதே ஆளு!" அது உள்ளே கேட்டுவிட்டது. அண்ணாச்சி கோபப்படவில்லை, அதுதான் அவரிடம் உள்ள கஷ்டம், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பாப்பா, படிச்ச பிள்ளை, கோபப்படாத. எனக்கு ஒண்ணும் இல்ல. எங்கய்யா காலத்துல இருந்து வர்ற வழக்கம். ஒருதடவ தெரியாத்தனமா இந்தப் பேச்சி காலங்காத்தால ஒரு கைத்தடியைப் போணி பண்ணிட்டா. அன்னைக்கு முச்சூடும் ஒரு கல்யாணப் பார்ட்டி எட்டிப் பாக்கலயே" என்றார். "அன்னைக்கு ஆடி ஒண்ணாந்தேதி அண்ணாச்சி, எவன் கல்யாணம் வைப்பான்?" என்றாள் பேச்சியம்மா தூணைத் துடைத்தபடி. "ஏ, நீ வேலையப் பாரு. அவளோட சேந்துக்கிட்டு." இதுவே வேறு இடம் என்றால் பூங்கோதை சிரித்திருப்பாள். "வாசல்ல வச்சா என்ன அண்ணாச்சி? நாலு பேரு பாத்தா நாலு பேருக்குத் தெரியும்ல, இப்படி ஒண்ணு இருக்கு, வாங்கலாம்னு?" "நாலு பேரு பாத்தா நாலு பேரும் அடுத்த கடைக்குப் போயிருவான் தங்கம். சீர்வரிசை எடுக்க வர்ற பொண்ணு கண்ணுல முதமுதல்ல பட வேண்டிய சாமானா அது? நீயே சொல்லு. உனக்குக் கல்யாணம்னா நீ பாப்பியா?" பாப்பேன். பாத்துட்டு, இதையும் ஒண்ணு போடுங்க, எனக்கும் ஒருநாள் வேணும் என்பேன். சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? எனக்கும் ஒருநாள் என்பது வாய்க்கு வந்ததும் இடது இடுப்புக்குள் ஏதோ லேசாகச் சுண்டியது, உண்மையில் சுண்டியதா, நின்றுகொண்டே இருந்ததாலா, அம்மாவுக்கும் முதலில் இப்படித்தான் லேசாகச் சுண்டியது என்றாள், முட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது. பயமாக இருந்தது. இந்தப் பயத்தைத்தானே இவர் கோடவுனில் பூட்டி வைத்திருக்கிறார்? கேட்டால் தருகிறார், கேட்காதவர்களுக்கு இல்லை என்றாக்கிவிடுகிறார். ஊரில் யாருக்கும் இடுப்பு தேய்வதில்லை, யாருக்கும் ராத்திரி படுக்கை நனைவதில்லை, யாருக்கும் குனிய முடியாமல் போவதில்லை, எல்லார் வீட்டிலும் குத்துவிளக்கும் குடமும் மட்டும்.

கரண்டி வரிசையாகத் தொங்குகிறது. சாம்பார்க் கரண்டி, குழிக்கரண்டி, தோசைத் திருப்பி, ஜல்லிக்கரண்டி. ஒன்றை எடுத்தால் முடிந்தது. பூங்கோதை உள்ளே போய்க் குழிக்கரண்டி ஒன்றைக் கழற்றினாள். குளிர்ச்சியாக இருந்தது, அதன் குழியில் அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. இதை வாங்கினால் அம்மா உள்ளே வந்து உட்காரலாம். வாங்கு, முட்டாளே, வாங்கு, அம்மாவுக்குக் கால் நடுங்குகிறது, உன் கொள்கைக்கு உன் காலில் நில், அம்மா காலில் நிற்காதே. வாங்கினால் இது வீட்டுக்கு வரும். அடுப்படியில் தொங்கும். தினமும் சாம்பார் ஊற்றும்போது அம்மா இதைப் பிடிப்பாள், நான் நேரடியாக வாங்கத் தகுதியில்லாதவள் என்று அது தினமும் சொல்லும், வருஷக்கணக்காகச் சொல்லும், எவர்சில்வர் சாகாது. தூக்கிப் போட்டுவிடலாமே? தூக்கிப் போட்டாலும் வாங்கினது வாங்கினதுதான். ஆனால் கால் நடுங்குகிறதே. மருந்துக்கடையில் நாப்கினைக் கறுப்புக் கவரில் போட்டுத் தந்தபோது கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் நீ, ஹாஸ்டலே பேசியது. அது உன் கை, உன் நாப்கின். இது அம்மா. கரண்டியை எடுத்து மேஜைவரை போனாள். மேஜையில் வைக்கவில்லை. அண்ணாச்சி அவள் கையைப் பார்த்து, பாசமாக, நல்ல முடிவு என்பது போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் கெடுத்தது. கை கரண்டியோடு அப்படியே நின்றது, கொடுக்கவும் இல்லை, திருப்பி மாட்டவும் இல்லை, இவ்வளவு நேரம் மற்றவர்களை மடக்கிப் பேசிய புத்தி இப்போது தன்னையே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் போணி வந்தது. புது மொட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நாற்பது வயது ஆள். பைக்கை நிறுத்திவிட்டு, அம்மாவைத் தாண்டி, படியேறி உள்ளே வந்தார். "அண்ணாச்சி, அப்பாவுக்கு நாளைக்குக் கருமாதி. சொந்தக்காரங்களுக்குக் கொடுக்க டிபன் பாக்ஸ் வேணும். பேர் வெட்டணும், இன்னைக்கே." அண்ணாச்சி எழுந்தேவிட்டார். "வாங்க, வாங்க, உக்காருங்க. பேச்சி, ஃபேனைப் போடு." துண்டால் நாற்காலியைத் தட்டினார். பூங்கோதை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டாள். டிபன் பாக்ஸுகள் இறங்கின, ஒன்றின்மேல் ஒன்றாக, பளபளவென்று. "ரெண்டு வருசமா படுக்கைதான் அண்ணாச்சி. கட்டிலை விட்டு ஒருநாள் கீழ இறங்க விடலையே நாங்க. எல்லாம் தூக்கித்தான். பேரப்பயதான் கேட்டான், தாத்தாவுக்கு ஒரு வாக்கர் வாங்குவோமான்னு. எதுக்குடா, நாலு ஆம்பளைக இருக்கோம், தாங்க மாட்டமான்னு சொல்லிட்டேன். கடைசியில முதுகெல்லாம் புண்ணு." "குடுத்து வச்ச மனுசன்" என்றார் அண்ணாச்சி உருக்கமாக. பணம் வந்தது. இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டார். போணி. உள்ளே மெஷின் பேர் வெட்ட ஆரம்பித்தது, பல்லுக்குள் போகிற கிர்ர்ர் சத்தம், நினைவாக, நினைவாக, ஒவ்வொரு மூடியிலும் நினைவாக. பூங்கோதைக்கு அப்பாவின் லாரி டிரைவர்கள் ஞாபகம் வந்தார்கள், ரோட்டில் பிணம் எதிரே வந்தால் வண்டியை ஓரம்கட்டிக் கும்பிடுவார்கள், நல்ல சகுனம், போகிற காரியம் ஜெயம். செத்தவர் நல்ல சகுனம். செத்தவர் உள்ளே வரலாம், செத்தவருக்கு ஃபேன் போடுவார்கள். சாவு ராசிதான், சாவுக்கு முன்னால் இருக்கிற கொஞ்ச தூரம், அதை நடந்து கடப்பதுதான் ராசியில்லை. அந்தக் கிழவர் இரண்டு வருஷம் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது அவருக்கான வாக்கர் இந்தக் கோடவுனிலேயே சாக்குக்குள் கிடந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதைச் சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிய சான்று எந்த மேடையிலும் கிடைக்காது. ஆனால் அந்த ஆளின் மொட்டைத் தலையில் கத்தி கீறின இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு இருந்தது, அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாப்பா, போணி ஆயிருச்சு. அம்மாவைக் கூப்பிடு" என்றார் அண்ணாச்சி, வெற்றிலை போட்ட மாதிரி முகம் மலர்ந்து. "நான் சொன்னா சொன்னதுதான். பேப்பர் சுத்தி, மேல சாக்கு வச்சுத் தச்சு, பின்வாசல் வழியா ஆட்டோவுல ஏத்திவிடச் சொல்லுதேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது." கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அம்மா படியில் இருந்தாள். எப்போது ஷட்டரை விட்டாள், அவ்வளவு தூரம் எதைப் பிடித்து வந்தாள் என்று தெரியவில்லை, நல்ல காலை மேலே வைத்து, கதவு நிலையைப் பிடித்து, மற்றக் காலை இழுத்துக்கொண்டிருந்தாள், மேலுதட்டில் வேர்த்திருந்தது. மொட்டைக்காரர் திரும்பிப் பார்த்து எழுந்துவிட்டார். "சத்துணவு டீச்சர்தான? எம்மக உங்க ஸ்கூல்தான், நாலாப்பு. என்ன டீச்சர் இப்படி ஆயிட்டீக? என்ன வாங்க வந்தீக?" மெஷின் நின்றது. பேச்சியம்மா துணியோடு நின்றாள். போச்சு, என்று நினைத்தாள் பூங்கோதை. யார் கண்ணுக்குப் பயந்து விடிந்ததும் கிளம்பி வந்தோமோ அந்தக் கண் வந்துவிட்டது, திங்கட்கிழமை பள்ளிக்கூடமெல்லாம் தெரிந்துவிடும், அம்மா இப்போது என் கையில் இருக்கிற கரண்டியைக் காட்டுவாள், இதுதான் தம்பி, கரண்டி வாங்க வந்தோம் என்பாள், சிரிப்பாள், வாடி போவோம் என்பாள், அத்தோடு வாக்கர் போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, நாற்காலியும் கயிறும்தான் மிச்சம். கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், அம்மா கண்ணில் அது படாமல் இருந்தால் பொய் சொல்ல ஒன்றும் கிடைக்காது என்பது போல.

அம்மாவின் இரண்டு காலும் மேலே வந்து சேர்ந்தன. மூச்சு வாங்கினாள். அப்பா போனது வருத்தம்தான் தம்பி, வெளிய நின்னு எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் என்று அவரிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். வரிசையில் இடிக்கிற பயல்களை அதட்டுகிற குரல் அது என்று மகளுக்குப் பட்டது, ஆனால் சத்தம் குறைவாக இருந்தது.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. போணிக்கு வாரவ செத்துட்டு வந்திருக்கணும், தெரியாம உசிரோட வந்துட்டேன். சாக்கும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம். உள்ள என்னென்ன வச்சிருக்கீகளோ எல்லாத்தையும் இங்க வாசல்ல கொண்டாந்து வைங்க. நான் பிடிச்சு நடந்து பாத்துத்தான் வாங்குவேன்."